காற்று எந்த வழியில் தடுமாறுகிறது?

பதினைந்து வயதான ஒரு காரை ஏசி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தி, "கூலிங் பத்தலைண்ணே" என்று சொன்னால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கேஸ் கம்மியா இருக்கும் சார், போட்டுடலாம்." கேஸ் ஏற்றப்படும், பணம் கைமாறும், சில நாட்கள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அடுத்த மாத வெயிலில் அதே புகாரோடு அதே இடத்தில் கார் நிற்கும். ஏசியின் வாயு ஓட ஓடச் செலவாகிற பொருள் அல்ல. அது மூடிய குழாய்ச் சுற்றுக்குள் ஆவியாகி, நீர்மமாகி, மறுபடி ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய கார்களில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கசிவது உண்மைதான். ஆனால் குளிரவில்லை என்ற புகாரோடு வருகிற பழைய கார்களில் கணிசமானவற்றின் கோளாறு வாயுவில் இல்லை, காற்றில் இருக்கிறது.

முகத்துக்கு நேரே உள்ள துவாரத்தில் கையை வைத்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். காற்று எவ்வளவு வருகிறது? எந்த வழியாக வருகிறது? என்ன சூட்டில் வருகிறது? மூன்றும் வெவ்வேறு உறுப்புகளின் வேலை, ஒன்றின் கோளாறு இன்னொன்றாக வேடம் போடும். பாதிக் காற்றே வந்தால், அது பனிபோலக் குளிர்ந்திருந்தாலும் பின் இருக்கையில் இருப்பவருக்கு ஏசி செத்துவிட்டதாகத்தான் படும். நல்ல குளிர்காற்றில் சூடான காற்று கொஞ்சம் கலந்துவிட்டாலோ, கேஸ் போய்விட்டது என்று எவரும் சத்தியம் செய்வார்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்த விரும்புவது.

முதலில் காற்றின் பாதையைத் தெரிந்துகொள்வோம். முன் கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்தில், கம்பிவலை போன்ற நீண்ட பகுதி ஒன்று உண்டு. வெளிக்காற்று நுழையும் வாசல் அது. அந்த இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ஓடும் காரின் பானெட் மேல் வழுக்கி வரும் காற்று சாய்ந்த கண்ணாடியில் மோதி வேகம் இழக்கிறது, வேகம் இழந்த இடத்தில் அழுத்தம் கூடுகிறது. செவ்ரோலெட் நிறுவனம் 1970-ஆம் ஆண்டின் ஷெவெல் காரில், எஞ்சினுக்கான காற்றைக் கண்ணாடிப் பக்கம் பார்த்துத் திறக்கும் மூடி வழியாக எடுத்ததும் இதே அழுத்தத்தை நம்பித்தான். அங்கே நுழைந்த காற்றை ப்ளோயர் உறிஞ்சி, கூலிங் காயில் என்று நம் ஊரில் சொல்லும் குளிர்ச்சுருளின் வழியே தள்ளுகிறது. அதன்பின் ஒரு கலப்புக் கதவு. அது திரும்பியிருக்கும் கோணத்தைப் பொறுத்து, காற்றின் ஒரு பகுதி ஹீட்டர் காயில் வழியாகச் சூடேறிப் போகும், மீதி நேராகப் போகும். கடைசியில் இன்னும் சில கதவுகள், காற்று முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று பிரித்து அனுப்பும். உள்ளே வந்த காற்று வெளியேறவும் ஒரு வழி வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

இன்று ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும் இந்த ஏற்பாடு உருவாகக் காலம் பிடித்தது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடலில் 274 டாலர் கூடுதல் விலைக்கு ஏசி பொருத்திக் கொடுத்தது. குளிர்ச்சுருள் இருந்தது பின்பக்கச் சாமான் அறையில். காற்று பின்னிருக்கைக்குப் பின்னாலிருந்து வரும். கம்ப்ரசரைத் தனியே நிறுத்த கிளட்ச் கிடையாது, ஏசி வேண்டாம் என்றால் பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். சூடேற்றும் பக்கத்தில் நாஷ் நிறுவனம் 1938-லேயே முன்னால் போயிருந்தது. வெளிக்காற்றை வடிகட்டி, சூடாக்கி, காருக்குள் லேசான மிகை அழுத்தம் உண்டாகும்படி செலுத்தியது. அதே நாஷ் 1954-இல் சூடு, குளிர், காற்றோட்டம் மூன்றையும் ஒன்றாக்கிக் காரின் முன்பகுதியிலேயே அடக்கியது. அந்தக் காரின் பெயர் அம்பாசடர். நம் ஊர் அம்பாசடருக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவு கிடையாது. 1938-இல் நாஷ் வைத்த காற்று வடிகட்டியை அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த எத்தனையோ கார்கள் வைக்காமல் விட்டன. அதன் விளைவைக் கொஞ்சம் பின்னால் காணலாம்.

முதல் கேள்வி, காற்று எவ்வளவு. இதில் மிகச் சுலபமான சோதனை, உள்காற்றையே திரும்பத் திரும்ப எடுக்கும் ரீசர்குலேஷன் நிலைக்கும் வெளிக்காற்று நிலைக்கும் மாற்றி மாற்றிப் பார்ப்பது. உள்சுழற்சியில் காற்று பலமாக வந்து, வெளிக்காற்று நிலையில் மட்டும் சோர்ந்தால், ப்ளோயரும் கூலிங் காயிலும் நலம். குற்றம் வாசலிலோ வெளியேறும் வழியிலோ இருக்கிறது. புளியமரத்தடியில் நிற்கும் கார்களில் வாசல்தான் முதல் சந்தேகம். புளிய இலைத்துணுக்கு கம்பிவலையின் இடுக்கில் சுலபமாக நுழைந்துவிடும், நாளடைவில் மழையில் ஊறி அட்டைபோல் படியும். இரண்டு நிலையிலும் காற்று சோர்ந்தே வந்தால் ப்ளோயரையோ கூலிங் காயிலையோ பார்க்க வேண்டும்.

ப்ளோயர் பேசும், கேட்கத் தெரிந்தால் போதும். மிக்ஸியில் ஒன்றும் போடாமல் வெறும் ஜாரை ஓட்டினால் சத்தம் உச்சத்துக்குப் போகும், ஏனென்றால் பிளேடுக்கு வேலை இல்லை. ப்ளோயரும் அப்படியே. முன்னாலோ பின்னாலோ வழி அடைபட்டால் விசிறி தள்ளுவதற்குக் காற்று கிடைக்காது. மோட்டாரின் சுமை குறையும், வேகம் கூடும், ஓசை கீச்சென்று ஏறும். பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, அடைப்பு இருக்கும்போது இந்த வகை மோட்டார் குறைவான மின்சாரத்தையே எடுக்கிறது. ஆக, சத்தம் உயர்ந்து காற்று குறைந்தால் அடைப்பு. சத்தமும் தாழ்ந்து காற்றும் குறைந்தால் மின்சாரத்திலோ மோட்டாரிலோ கோளாறு. டேஷ்போர்டின் அடியில் ஒரு தட்டுத் தட்டினால் மோட்டார் உயிர் பெறுகிறதா? உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. தடதடவென்று அதிர்கிறதா? விசிறிக் கூண்டில் இலையோ, எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சோ இருக்கிறது.

நான்கு வேகங்களில் மூன்று இறந்து, உச்ச வேகம் மட்டும் வேலை செய்கிற கார்களை எல்லாரும் பார்த்திருப்போம். பழைய கார்களில் வேகத்தைக் குறைக்கும் முறை எளிமையானது, ஆனால் வீணானது. மோட்டாருக்குப் போகும் வழியில் மின்தடைச் சுருள்களை வைத்து, மின்னழுத்தத்தின் ஒரு பகுதியைச் சூடாக எரித்துத் தள்ளுவார்கள். முதல் வேகத்தில் 4 ஆம்பியர் ஓடுகிறது, தடையில் 8 வோல்ட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிறு சுருளில் 32 வாட் சூடு. இதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. ப்ளோயர் தள்ளும் காற்றின் பாதையிலேயே ரெசிஸ்டரைப் பொருத்தியிருப்பார்கள். காற்றுப் பாதை அடைபட்டால் அந்தக் குளிர்ச்சி போய்விடும், சூட்டுக்கு அறுந்துபோகும் ஃபியூஸ் ஒன்று அதில் இருக்கும், அது அறுந்துவிடும். உச்ச வேகத்துக்கு மட்டும் தடை இல்லாமல் நேர் இணைப்பு என்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. எனவே ரெசிஸ்டரை மாற்றிக் கொடுத்துவிட்டு, அது ஏன் எரிந்தது என்று பார்க்காமல் விடுவது அரைவேலை. பாதை அடைபட்டிருந்தாலும் புதியது எரியும். மோட்டாரின் பேரிங் இறுகி மின்சாரத்தை அதிகம் இழுத்தாலும் எரியும்.

எல்லா வேகங்களும் இருந்தும் ஒட்டுமொத்தமாகச் சோம்பலாக இருந்தால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் வோல்ட் இருக்கும். உச்ச வேகத்தில் ப்ளோயரின் முனைகளில் அளந்தால் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். 11 வோல்ட்தான் வருகிறது என்றால், மீதி வழியில் எங்கோ தொலைகிறது. மோட்டார் 15 ஆம்பியர் எடுக்கிறது, துருப்பிடித்த ஓர் இணைப்பில் 2.5 வோல்ட் விழுகிறது என்றால், அந்த இணைப்பில் மட்டும் 37 வாட்டுக்கு மேல் சூடு. பழைய கார்களில் ப்ளோயர் சுவிட்சும் சாக்கெட்டும் உருகிக் கறுத்திருப்பதற்குக் காரணம் இதுவே. கருகிய பிளாஸ்டிக் நாற்றம் வந்தால் அன்றைக்கே பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். தீ விபத்து தொடங்கக்கூடிய இடம் அது.

இனி கூலிங் காயில். என் கணிப்பில், நம் ஊர்ப் பழைய கார்களின் காற்றுக் குறைவுக்கு இதுவே பெரிய காரணம். காற்று வடிகட்டி வைக்காத கார்களில் வடிகட்டியாக மாறிப்போவது இந்தச் சுருள்தான். நெருக்கமாக அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகள், அதுவும் ஈரத் தகடுகள். தூசி, நூல், முடி, மகரந்தம் எது வந்தாலும் ஒட்டும். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் 35 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் உள்ள ஒரு பகல். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. அதை 8 டிகிரிக்குக் குளிர்வித்தால் 8 கிராம் அளவுக்குத்தான் தாங்கும். மீதி சுமார் 16 கிராம் நீராகிச் சுருளில் படிகிறது. காற்றை மட்டும் குளிர்விக்கத் தேவையான ஆற்றல் சுமார் 31 கிலோஜூல். நீராவியை நீராக்க சுமார் 39 கிலோஜூல். கடற்கரை ஊர்களில் ஏசி செய்யும் வேலையில் பாதிக்கு மேல் காற்றை உலர்த்துவதற்கே போகிறது! புழுக்கமான நாளில் வெளிக்காற்று நிலையில் ஏசியை ஓட்டுபவர்கள், ஒவ்வொரு நொடியும் புதிதாக வரும் ஈரத்தை உலர்த்தும் வேலையை அதன் தலையில் கட்டுகிறார்கள். உள்சுழற்சிக்கு மாற்றியதுமே பல கார்களில் "கேஸ் குறைவு" குணமாகிவிடுவதைக் காணலாம்.

அந்தத் தண்ணீர் ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். நின்றிருக்கும் காருக்கு அடியில் நீர் தேங்கினால் பயப்பட வேண்டாம், அது ஆரோக்கியம். புழுக்கமான நாளில் அரை மணி நேரம் ஏசி ஓடியும் சொட்டவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். குழாய் சேற்றாலோ பாசியாலோ அடைபட்டிருக்கலாம். வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் அலையும் சத்தம் கேட்டாலும், முன்பக்கக் கால்மிதி காரணமில்லாமல் நனைந்தாலும் அதே நோய். அடியிலிருந்து மெல்லிய கம்பியால் மெதுவாகக் குத்திவிட்டாலே போதும், செலவே இல்லை. வேகமாகக் குத்தினால் மேலே இருக்கும் சுருளைத் துளைத்துவிடலாம், நிதானம் தேவை.

அழுக்கு படிந்த சுருளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு, உறைதல். சுருளின் வெப்பநிலை சுழி டிகிரிக்குக் கீழே போகாதபடி ஒரு தெர்மோஸ்டாட்டோ உணர்வியோ கம்ப்ரசரை அவ்வப்போது நிறுத்தி வைக்கும். உணர்வி பழுதானாலோ இடம் நழுவினாலோ கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். சுருளின் மேல் உள்ள நீர் பனிக்கட்டியாகும். அது தகடுகளின் இடைவெளியை அடைக்கும், காற்று குறையும். காற்று குறைந்தால் சுருளுக்கு வந்து சேரும் சூடும் குறையும், இன்னும் வேகமாக உறையும். அறிகுறி மிகத் தெளிவானது. திண்டிவனம் வரை அருமையாக இருந்த ஏசி, விழுப்புரம் நெருங்கும்போது மூச்சு வாங்குகிறது. டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பினால் மறுபடி நன்றாக இருக்கிறது, காருக்கு அடியில் வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர். இப்படி நடந்தால் ஏசி பொத்தானை மட்டும் அணைத்து ப்ளோயரை ஓடவிட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்தில் காற்று தானாக மீண்டுவிட்டால், உறைதல் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இங்கே ஒரு விசித்திரம். கேஸ் குறைந்தாலும் சுருள் உறையலாம். ஆர்-134ஏ என்ற வாயு வளிமண்டல அழுத்தத்தில் சுழிக்குக் கீழே 26 டிகிரியில் கொதிக்கும். அழுத்தமானியில் சுமார் 28 பிஎஸ்ஐ காட்டும்போது அது சுழி டிகிரியில் கொதிக்கிறது. சுற்றில் வாயு குறைந்தால் சுருளுக்குள் அழுத்தம் இன்னும் தாழும், கொதிநிலையும் தாழும். அப்போது சுருளின் நுழைவாயில் பகுதி மட்டும் கடுங்குளிராகிப் பனி பிடிக்கும், மீதிப் பகுதி சூடாகவே கிடக்கும். ஆகவே பனி பிடித்ததைக் கண்டதும் "கேஸ் ஜாஸ்தி" என்று சொல்லி வாயுவைத் திறந்துவிடுவது அறிவியலுக்கும் பொருந்தாது, சுற்றுச்சூழலுக்கும் நல்லதல்ல. சுருளைச் சுத்தம் செய்யும்போதும் கவனம் வேண்டும். கடுமையான காரமோ அமிலமோ அலுமினியத்தை அரித்துவிடும். டேஷ்போர்டைக் கழற்றி, சுருளை வெளியே எடுத்து, மென்மையான கரைசலில் அலசுவதே முறையான வேலை. கூலி அதிகம்தான், இருந்தாலும் அடிக்கடி போடும் கேஸ் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, காற்று எந்த வழியாக வருகிறது. கதவுகளைத் திருப்ப இரும்புக் கேபிள் வைத்திருக்கும் கார்களில் கோளாறு கண்ணுக்குத் தெரியும். திருகைத் திருப்பினால் கை வழுக்கிக்கொண்டு போகும், அல்லது இறுகி நிற்கும். பிடி கழன்றிருக்கும் அல்லது கேபிள் துருப்பிடித்திருக்கும். பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் நெம்புகோல் முறியும், அவ்வளவுதான் எச்சரிக்கை. உண்மையிலேயே வியக்க வைப்பது, அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த வெற்றிட முறை.

பெட்ரோல் எஞ்சின் சும்மா ஓடும்போது அதன் உறிஞ்சுகுழாயில் காற்றழுத்தம் வெளியே இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். இந்த இலவச உறிஞ்சலை மெல்லிய குழாய்கள் வழியாக டேஷ்போர்டுக்குள் கொண்டுபோய், ரப்பர் சவ்வு வைத்த சின்னஞ்சிறு குப்பிகளை இயக்கினார்கள். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சவ்வில் இந்த அழுத்த வித்தியாசம் சுமார் 13 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுக்கும். ஒரு பிளாஸ்டிக் கதவை இழுக்க அது தாராளம். ஆனால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் உறிஞ்சல் கிட்டத்தட்ட மறைந்துவிடும். அதற்காகக் காற்றைப் பின்னோக்கி விடாத ஒரு வால்வும், வெற்றிடத்தைச் சேமிக்கும் ஒரு உருண்டையும் வைத்திருந்தார்கள்.

1984 முதல் 2001 வரை வந்த ஜீப் செரோக்கி வண்டியில் இந்த உருண்டை முன்பக்க பம்பருக்குப் பின்னால் இருக்கும். வண்டி எங்காவது லேசாக இடித்தால் உருண்டையில் விரிசல் விழும். உரிமையாளர் பம்பரைச் சரிசெய்துகொண்டு மறந்துவிடுவார். பிறகு மலையேறும்போதெல்லாம் முகத்துக்கு வந்த குளிர்காற்று திடீரென்று முன் கண்ணாடிக்குத் தாவும், இறக்கத்தில் திரும்பி வரும். இந்த அறிகுறியைக் கேட்டவுடன் அனுபவசாலி மெக்கானிக் டேஷ்போர்டைத் தொடவே மாட்டார். குழாயையும் வால்வையும் உருண்டையையும் பார்ப்பார். காற்று ஏன் காலுக்குப் போகாமல் கண்ணாடிக்குப் போகிறது? வெற்றிடம் இல்லாதபோது கதவுகளை ஸ்பிரிங் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று பொறியாளர்கள் யோசித்தே முடிவு செய்தார்கள். எது கெட்டாலும் ஓட்டுநருக்குச் சாலை தெரிய வேண்டும், ஆகவே கண்ணாடியின் பனிமூட்டத்தை நீக்கும் வழி. ஒரு எந்திரம் கெட்டுப்போகும்போது எப்படிக் கெட வேண்டும் என்பதையும் வடிவமைத்த அந்த முன்யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

டீசல் எஞ்சினில் உறிஞ்சுகுழாயை மூடும் த்ராட்டில் தகடு பழைய நாட்களில் இல்லை, ஆகவே அங்கே இந்த இலவச வெற்றிடமும் இல்லை. மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 வரிசையின் டீசல் கார்களில் தனி வெற்றிடப் பம்ப் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதே வெற்றிடம் கதவுப் பூட்டுகளையும் இயக்கியது, சாவியைத் திருப்பியவுடன் எஞ்சினை நிறுத்தியதும் அதுவே. ஒரு சவ்வு கிழிந்தால், சம்பந்தமே இல்லாத இடத்தில் விளைவு தெரியும். சாவியை எடுத்துவிட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் காரில், கிழிந்த சவ்வு கதவுப் பூட்டிலோ காற்றுக் கதவுக் குப்பியிலோ இருக்கலாம். கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்து, கைப்பம்பால் உறிஞ்சி, முள் நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் குற்றவாளி கிடைக்கும். டேஷ்போர்டுக்குள் மெல்லிய சீறல் கேட்டாலும் தடயம்தான்.

கதவு திரும்புகிறது, ஆனாலும் காற்று ஒழுகுகிறது என்ற நிலையும் உண்டு. கதவுகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நுரைப்பஞ்சுதான் பாதைகளை இறுக்கமாக மூடுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்து தாக்கினால் பாலியூரித்தேன் நுரையின் மூலக்கூறுச் சங்கிலிகள் உடைந்து, தூளாகிவிடும். நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஜெட்டா கார்களில் கதவுத் தகட்டிலேயே ஓட்டைகள் இருந்தன, அவற்றை மூடியிருந்தது நுரை மட்டுமே. நுரை உதிர்ந்ததும் துவாரத்திலிருந்து கறுப்புத் துணுக்குகள் முகத்தில் பறந்தன. கதவு முழுக்க மூடியிருந்தும் சூடான காற்று ஓட்டை வழியாகக் குளிர்காற்றில் கலந்தது. இந்த மாதிரிக் காரில் எத்தனை முறை கேஸ் ஏற்றினாலும் பயன் என்ன?

இது நம்மை மூன்றாவது கேள்விக்குக் கொண்டுவருகிறது, காற்றின் சூடு. சமவெளித் தமிழ்நாட்டில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை. தொடாததாலேயே அது கெடுகிறது. எஞ்சினின் சூடான கூலன்ட் ஹீட்டர் காயிலுக்குப் போவதைத் தடுக்கும் வால்வு பல பழைய கார்களில் உண்டு. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்து, பாதி திறந்த நிலையில் இறுகிவிடும். அதற்குப் பின் கூலிங் காயில் குளிர்விப்பதை ஹீட்டர் காயில் சூடாக்கிக்கொண்டே இருக்கும். எஞ்சின் சூடாவதற்கு முன் முதல் பத்து நிமிடம் ஏசி பிரமாதமாக இருந்து, எஞ்சின் சூடானதும் மங்குகிறதா? இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் எச்சரிக்கையோடு தொட்டுப் பாருங்கள். குளிர் நிலையில் வைத்தும் இரண்டும் கொதித்தால் வால்வு மூடவில்லை. வால்வே இல்லாமல் கலப்புக் கதவை மட்டும் நம்பும் கார்களில் ஹோஸ் எப்போதும் சூடாகத்தான் இருக்கும், அங்கே கதவைத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே சுற்றிலிருந்து விலக்கிவிடுவார்கள். "இங்க எதுக்கு சார் ஹீட்டரு?" என்ற கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கும். அடுத்த குறுக்குவழி, எஞ்சினின் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. எஞ்சின் சூடாகிவிடும் என்ற பயம். உண்மையில் எஞ்சின் 80, 90 டிகிரியில் இயங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வால்வு இல்லாத எஞ்சின் குளிர்ந்தே ஓடி, எரிபொருளைக் குடித்து, தேய்ந்துபோகும். இந்த இரண்டு குறுக்குவழிகளின் விலையும் ஜனவரி மாத ஊட்டியில் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் இரவு வெப்பநிலை சுழிக்கு அருகே இறங்கும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ப்ளோயர் அதே கன அளவைத் தள்ளினாலும் அது சுமந்து வரும் சூடு அந்த அளவுக்குக் குறையும். நல்ல ஹீட்டரே திணறும் இடத்தில், விலக்கப்பட்ட ஹீட்டரோடு போனவர் வெறும் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ஹீட்டர் பாதுகாப்புச் சாதனம்.

மழைக்காலக் கண்ணாடி மூட்டத்துக்கும் இதே பாடம். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுங்கள், காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், வெளிக்காற்று நிலையில் வையுங்கள். கூலிங் காயில் காற்றின் ஈரத்தைப் பிழியும், ஹீட்டர் அதைச் சூடாக்கும், உலர்ந்த வெதுவெதுப்பான காற்று கண்ணாடியின் ஈரத்தை விழுங்கிவிடும். அப்படிச் செய்தும் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல ஒன்று திரும்பத் திரும்பப் படிந்து, உள்ளே இனிப்பான வாடையும் வந்தால், ஹீட்டர் காயில் கசிகிறது. அந்த ஆவி கூலன்ட், அதை மூச்சில் இழுக்கக் கூடாது.

வெளியேறும் வழியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். சிறிய காரின் உள்ளிடம் சுமார் 3 கன மீட்டர். ப்ளோயர் மணிக்கு 300 கன மீட்டர் தள்ளினால், 36 நொடிக்கு ஒருமுறை காருக்குள் இருக்கும் காற்று முழுவதும் மாற வேண்டும். உள்ளே இருப்பது வெளியேறாமல் புதியது நுழைய முடியாது. பெரும்பாலான கார்களில் பின் பம்பரின் மூலைகளுக்கு உள்ளே ரப்பர் இதழ்கள் வைத்த துவாரங்கள் இருக்கும். சாமான் அறையில் ஒட்டிய புது மேட், திணித்த மூட்டை, மறுபெயின்ட் வேலை, எதனாலும் அவை மூடிப்போகலாம். வெளிக்காற்று நிலையில் பின் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கிப் பாருங்கள். காற்று சட்டென்று கூடினால் அந்தத் துவாரங்களைத் தேடிப் போங்கள்.

காரின் முன்பகுதியில் ரேடியேட்டரோடு நிற்கும், வாயு நீர்மமாகும் இடமான கண்டென்சருக்கும் காற்று வேண்டும். நெடுஞ்சாலையில் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகும் ஏசிக்கு, கண்டென்சர் விசிறியும் அதன் தகடுகளில் அடைந்த பூச்சியும் மண்ணும்தான் பெரும்பாலும் காரணம்.

எனவே அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது "கூலிங் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நிமிடத்தில் குறைகிறது, எந்த வேகத்தில், ஏற்றத்திலா நிற்கும்போதா, எந்தத் துவாரத்தில் என்று சொல்லுங்கள். ஒரு சாதாரண தெர்மாமீட்டரை நடுத் துவாரத்தில் செருகி, அளவையும் சொல்லுங்கள். அதற்குப் பின்னும் கேஸ்தான் குறைவு என்று மெக்கானிக் சொன்னால், முதலில் கசிவைத் தேடி அடைக்கச் சொல்லுங்கள், பிறகு ஏற்றட்டும். கசியும் சுற்றில் ஏற்றிய ஒவ்வொரு கிலோ ஆர்-134ஏ வாயுவும் நூறாண்டுக் கணக்கில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.